லேப்டாப் திரையில் 75 ஹெர்ட்ஸ் வந்தது, 80 வரவில்லை: டிரைவர் எங்கே தடுக்கிறது?

கேமராக்காரன் (சனி, இரவு 11.40)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். 15.6 அங்குல லேப்டாப், 1920×1080 திரை, 60 ஹெர்ட்ஸ். உள்ளே இன்டெல் கிராபிக்ஸ், கூடவே என்விடியா கார்டு.

நாங்கள் எடுப்பதெல்லாம் விநாடிக்கு 25 பிரேம். மண்டபத்தில் நாதஸ்வர கோஷ்டியிலிருந்து மணமேடைக்குக் கேமராவை மெதுவாகத் திருப்பியிருப்பேன். அதை லேப்டாப்பில் ஓட்டினால் தவில்காரர் விக்கி விக்கி நகர்கிறார். அதே கோப்பு வாடிக்கையாளர் வீட்டு டிவியில் வழுவழுவென்று ஓடுகிறது. திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கை, கூட்டினால் சரியாகும் என்று தொழில் நண்பர் ஒருவர் சொன்னார்.

என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்தேன். யூடியூபில் காட்டுகிற 'டிஸ்ப்ளே' பகுதியே அதில் இல்லை, 3டி அமைப்புகள் மட்டும்தான். அப்புறம் பட்டியலில் இல்லாத ரெசல்யூஷன், ஹெர்ட்ஸைச் சேர்க்கும் சிஆர்யு (கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி) என்ற சின்ன மென்பொருளை இறக்கி 75 ஹெர்ட்ஸ் சேர்த்தேன், வந்துவிட்டது. ஆசை விடவில்லை. 80, 90, 100 என்று மூன்றைச் சேர்த்தேன். மூன்றுமே விண்டோஸ் பட்டியலில் வரவில்லை. 'முடியாது' என்று ஒரு வார்த்தைகூட இல்லை, சேர்க்காத மாதிரியே இருக்கிறது.

இது கம்பெனி போட்ட பூட்டா? உடைக்க வழி உண்டா?

பழைய_பெட்டி (ஞாயிறு, காலை 6.15)

தம்பி, 'டிஸ்ப்ளே' பகுதி ஏன் இல்லை என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். உங்கள் திரையின் வயர் என்விடியா கார்டுக்குப் போகவே இல்லை. 2010-இல் என்விடியாவின் ஆப்டிமஸ் ஏற்பாடு வந்ததிலிருந்து பெரும்பாலான லேப்டாப்களில் இதுதான் ஏற்பாடு. என்விடியா படத்தை வரைந்து இன்டெல் கையில் கொடுக்கும், இன்டெல்தான் திரைக்கு அனுப்பும். தன்னிடம் திரையே இல்லாதபோது என்விடியா பேனல் எதைக் காட்டும்? திரையை நேராக என்விடியாவுக்கு மாற்றிவிடும் மக்ஸ் ஸ்விட்ச் உள்ள கேமிங் லேப்டாப்பில் பயாஸ் போய் மாற்றினால் அந்தப் பகுதி தெரியும். உங்களுடையதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆக, 80-ஐத் தடுப்பது இன்டெல் டிரைவர். ஏன் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நான் சால்டரிங் அயர்ன் பிடிக்கிற ஆள்.

செம்பருத்தி (ஞாயிறு, காலை 9.02)

பூட்டுதான், வேறென்ன. 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்பிலேயே 100 ஓடிவிட்டால் 144 ஹெர்ட்ஸ் மாடலை யார் வாங்குவார்கள்? 2015 தொடக்கத்தில் என்விடியா தன் டிரைவரில் லேப்டாப் கார்டுகளின் ஓவர்கிளாக்கிங்கை (வேகத்தை நாமே கூட்டுவதை) மூடியதும், ஆட்கள் சத்தம் போட்ட பிறகு திறந்துவிட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிரைவர்காரர்கள் மனது வைத்தால் எதையும் மூடுவார்கள்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, காலை 10.30)

அது நடந்தது உண்மைதான். ஆனால் இங்கே அதே கதை என்று உடனே முடிவு கட்டவேண்டாம்.

கேமராக்காரன், மூன்று விவரம் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு சிஆர்யு காட்டுகிற பிக்சல் கிளாக் (விநாடிக்கு எத்தனை புள்ளி அனுப்பப்படுகிறது என்பது) எவ்வளவு, மொத்த நீளம் அகலம் எவ்வளவு? திரைப் பேனலின் மாடல் எண்ணை வைத்து அதன் டேட்டாஷீட்டைத் தேடினால், எத்தனை நிறம் என்று போட்டிருப்பார்கள்: 2,62,144 நிறமா, 1.67 கோடி நிறமா? திரைக்குப் போகும் ஈடிபி இணைப்பில் எத்தனை லேன் (தரவு போகும் தடம்), என்ன வேகம்? இதைச் சொன்னால் உங்கள் லேப்டாப்பைப் பார்க்காமலே எந்த ஹெர்ட்ஸில் நிற்கும் என்று சொல்லிவிடலாம்.

கேமராக்காரன் (ஞாயிறு, மதியம் 1.20)

டேட்டாஷீட் கிடைத்தது. 1.67 கோடி நிறம். 2 லேன், லேனுக்கு 2.7 ஜிகாபிட். சிஆர்யுவில் கிளாக் 138.5 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 2080, 1111. திரை 1920×1080 தானே, இது என்ன 2080 என்று எனக்கே குழப்பம்.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, மதியம் 3.05)

அந்தக் குழப்பத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒவ்வொரு வரிசையும் 1920 புள்ளி வரைந்த பிறகு கொஞ்சம் ஓய்வெடுக்கும். பழைய பிக்சர் டியூப் டிவியில் எலக்ட்ரான் கற்றை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்ப நேரம் வேண்டுமே, அந்தக் காலத்து வழக்கம். டியூப் போய்விட்டது, இடைவெளி மட்டும் சிறுத்துப்போய் இன்னும் இருக்கிறது. திரைத் தரநிலைகளை வகுக்கும் வேசா அமைப்பின் குறைந்த இடைவெளிக் கணக்குப்படி வரிசைக்கு 160 புள்ளி, பிரேமுக்குக் குறைந்தது 460 மைக்ரோ விநாடி. அதுதான் 2080, அதுதான் 1111. இவற்றை 60-ஆல் பெருக்கிக் கால் மெகாஹெர்ட்ஸ் படிக்குக் கீழே இறக்கினால் உங்கள் 138.5 வந்துவிடும்.

இனி குழாயின் அளவு. லேனுக்கு 2.7, இரண்டு லேனுக்கு 5.4 ஜிகாபிட். ஆனால் இந்த இணைப்பில் 10 மூட்டை அனுப்பினால் 8 தான் சரக்கு, மீதி 2 சிக்னலை ஒழுங்காக வைத்திருக்கப் போய்விடும். ஆக உங்களுக்குக் கிடைப்பது விநாடிக்கு 4.32 ஜிகாபிட். உங்கள் பேனலில் ஒரு புள்ளிக்கு 24 பிட். வகுத்துப் பாருங்கள், 180 மெகாஹெர்ட்ஸ். அதற்குமேல் கிளாக் கேட்டால் அந்தக் கேபிளில் இடம் கிடையாது.

75 ஹெர்ட்ஸுக்கு 2080×1119×75, சுமார் 174.5 மெகாஹெர்ட்ஸ். உள்ளே வந்துவிட்டது. 80-க்கு 2080×1122×80, சுமார் 186.7. வெளியே. டிரைவர் இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, பொருந்தாததைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் கழித்துவிடுகிறது. சிஆர்யு திரையில் எதையும் எழுதுவதில்லை. திரை தன்னைப் பற்றிச் சொல்லும் 128 பைட் குறிப்பு இருக்கிறதே, ஈடிஐடி, அதன் மாற்றுப்பிரதி ஒன்றை ரெஜிஸ்ட்ரியில் வைக்கிறது. குறிப்பில் என்ன எழுதினாலும் கேபிள் தடிக்காது.

பந்தயம்: 77 வரும். 78 வராது. பாருங்கள்.

கேமராக்காரன் (ஞாயிறு, மதியம் 3.31)

77 வந்தது. 78 வரவில்லை. கை நடுங்குகிறது, என்ன சார் இது!

செம்பருத்தி (ஞாயிறு, மதியம் 3.50)

சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்த லேப்டாப்பில் பூட்டு இல்லை. ஆனால் என் கோபம் போகவில்லை. கணக்குப்பிள்ளை போட்ட கணக்கை டிரைவரும் போடுகிறதல்லவா? 'இந்த இணைப்பில் 180-க்கு மேல் போகாது, நீங்கள் கேட்டது 186.7' என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்? இன்டெல்லின் பழைய கஸ்டம் ரெசல்யூஷன் கருவியாவது பேண்ட்விட்த் தாண்டுகிறது என்று ஒரு பெட்டி காட்டும். எண் அதிலும் கிடையாது.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, மாலை 4.10)

அந்தக் கோபத்தில் நானும் கூட்டு.

வல்லைவெளி (ஞாயிறு, மாலை 6.45)

லினக்ஸிலும் சொல்லாமல் கழுத்தறுக்கும் வேலை இருக்கிறது. அது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே 'ஆம்' என்றே சொல்லும்.

சில வருடங்களுக்கு முன் என் மடிக்கணினியில் உபுண்டு பாவித்தேன். திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையால் 75 ஹெர்ட்ஸ் மோட் ஒன்று சேர்த்தேன். ஏற்றுக்கொண்டது, 75-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியும் போட்டது. சந்தோசத்தில் இரண்டு கிழமை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். மவுஸ்கூட லேசாக ஓடுவதாகத் தோன்றியது. பிறகு ஒருநாள் தற்செயலாக அந்தப் பல்சக்கர டெமோவை, கிளெக்ஸ்கியர்ஸை, ஓடவிட்டேன். அது திரையின் துடிப்போடு ஒத்து ஓடும், 5 விநாடிக்கு ஒருதடவை எத்தனை பிரேம் என்று எழுதும். 75 என்றால் 375 வரவேண்டும். வந்தது 300.

காரணம் இன்டெல்லின் ஐ915 டிரைவர். மடிக்கணினியின் உள் திரைக்கு ஈடிஐடியில் உள்ள நிலையான மோட் எதுவோ அதையே பாவிக்கும். நாங்கள் வேறு மோட் கேட்டால் தலையாட்டிவிட்டு, பழைய 60-ஐயே அனுப்பும். பின்னால் வந்த கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) ரெஃப்ரெஷ் ரேட் பொருந்தாவிட்டால் மறுத்துவிடுகிறது, அது நல்லது. இப்போது மாற்ற விரும்பினால் ஈடிஐடி கோப்பையே திருத்தி, கெர்னல் ஆரம்பிக்கும்போதே அதைக் கொடுக்கவேண்டும். 54, 55-ஆம் பைட்டுகளில் பிக்சல் கிளாக் இருக்கும், 10 கிலோஹெர்ட்ஸ் அலகில். கேமராக்காரனின் திரையில் அது 13850. அதை மாற்றினால் கடைசி பைட்டையும் மாற்றவேண்டும். 128 பைட்டையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபடவேண்டும் என்பது விதி. நான் முதல்தடவை அதை மறந்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆகவே, கேமராக்காரன், பட்டியலில் 75 என்று இருப்பதை நம்பவேண்டாம். யுஎஃப்ஓ டெஸ்ட் என்ற திரை சோதனை இணையதளத்தில் பிரேம் ஸ்கிப்பிங் என்று ஒன்று இருக்கிறது. கட்டங்கள் வரிசையாக ஒளிரும். கைபேசி கேமராவில் ஷட்டரைக் கொஞ்சம் நீளமாக வைத்துப் படம் எடுங்கள். ஒளிர்ந்த கட்டங்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து இருந்தால் சரி. நடுவில் கறுப்புக் கட்டம் விழுந்திருந்தால் திரை பிரேமை விழுங்குகிறது.

கேமராக்காரன் (ஞாயிறு, இரவு 8.20)

எடுத்தேன். தொழிலே அதுதானே, ட்ரைபாடு போட்டு எடுத்தேன். 75-இல் இடைவெளி இல்லை, உண்மையான 75 தான்.

நீலத்திரை (ஞாயிறு, இரவு 9.00)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் லேப்டாப் 1366×768. ரெசல்யூஷனை 1920×1080 ஆக்க முடியுமா? ஒரு சாஃப்ட்வேரின் 'ஓகே' பட்டன் திரைக்குக் கீழே போய்விடுகிறது.

பழைய_பெட்டி (ஞாயிறு, இரவு 9.40)

திரையில் புள்ளிகள் அச்சடித்தது அச்சடித்ததுதான் தம்பி. 1366-க்கு 768. அதற்குமேல் கேட்டால், பெரிய படத்தை வரைந்து அதில் அமுக்கித் திணிக்கவேண்டும். முன்பு 1024×600 நெட்புக் ஓடிய காலத்தில் இன்டெல் டிரைவருக்கு ரெஜிஸ்ட்ரியில் 'டவுன்ஸ்கேலிங் சப்போர்ட்டட்' என்ற மதிப்பை 0-இலிருந்து 1 ஆக்கிக் கொடுப்போம், 1024×768 வந்துவிடும். விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டோர் ஆப்கள் 1024×768 இல்லாமல் திறக்காது என்றன. அந்த மாதங்களில் அந்த ஒரு மாற்றத்துக்காகவே பல பேர் என் கடைக்கு வந்தார்கள்.

2014-இல் என்விடியா டிஎஸ்ஆர், ஏஎம்டி விஎஸ்ஆர் என்று இதையே பெயர் வைத்துக் கொடுத்தார்கள். உங்களுடையது கேமராக்காரன் தம்பியுடையது மாதிரி இரட்டை கிராபிக்ஸ் என்றால் டிஎஸ்ஆரும் கிடைக்காது, வயர் கதைதான்.

வல்லைவெளி (ஞாயிறு, இரவு 10.05)

லினக்ஸ் எக்ஸ் சேவையகத்தில் எக்ஸ்ரேண்டருக்கு ஸ்கேல் 1.4 கொடுத்தால் ஏறத்தாழ 1912×1075 அகலமான மேசை கிடைக்கும். செய்து பார்த்தேன். ஆங்கிலம் ஒருமாதிரி வாசிக்கலாம். தமிழ் எழுத்தில் புள்ளி கரைந்துவிடும். 'பட்டம்' என்பது 'படடம' என்று தெரிந்தால் எப்படி? பட்டனை அழுத்திவிட்டு உடனே திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்று, 1366 என்பது 8-ஆல் வகுபடாது. மோட் கணக்குப் போட்டுத் தரும் சிவிடி கட்டளையிடம் 1366 கேட்டால் 1368 என்று திருப்பித் தரும். பிழை என்று நினைத்துப் பயப்படவேண்டாம்.

செம்பருத்தி (ஞாயிறு, இரவு 10.20)

நீலத்திரை, பட்டன் மட்டும்தான் பிரச்சினை என்றால் டாஸ்க்பாரை மறையும்படி வையுங்கள், அல்லது என்டர் தட்டுங்கள். பெரும்பாலும் அதுவே 'ஓகே'.

நீலத்திரை (ஞாயிறு, இரவு 10.26)

என்டர் வேலை செய்கிறது அக்கா. இரண்டு வருடமாகத் தெரியாமல் போய்விட்டது.

கேமராக்காரன் (திங்கள், இரவு 12.50)

தூக்கம் வரவில்லை. கணக்குப்பிள்ளை சார் சொன்ன இடைவெளி மனதில் நின்றது. வரிசைக்கு 160 புள்ளி ஓய்வு என்றால் அதை 80 ஆகக் குறைத்தால்? 2000×1122×80 போட்டேன். 179.52. வேலிக்கு உள்ளே!

டிரைவர் ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் பட்டியலில் 80 வந்தது. தேர்ந்தெடுத்தேன்... திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப வந்தபோது வலது பாதியில் சன்னமான கிடைக்கோடுகள் ஓடின, மழை பெய்கிற பழைய சினிமா பிரிண்ட் மாதிரி. வெள்ளைப் பின்னணி ரோஜா நிறத்தில் இருந்தது. சிஆர்யுவோடு வரும் ரீஸ்டார்ட் கோப்பை ஓட்டினேன். திரை முழுக்கவே போய்விட்டது. வியர்த்துவிட்டது எனக்கு. காலையில் டெலிவரி இருக்கிறது. 15 விநாடி கழித்து எஃப்8 அழுத்தச் சொல்லி எங்கோ படித்த ஞாபகம். அழுத்தினேன். 60-க்குத் திரும்பி வந்தது.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 7.10)

நல்லவேளை. அந்த எஃப்8-ஐ எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள், அது மாற்றுப்பிரதிகளைத் தற்காலிகமாகக் கழற்றிவிடும். அதுவும் நடக்காவிட்டால் சேஃப் மோடில் போய் ரீசெட் கோப்பை ஓட்டவேண்டும்.

இப்போது நீங்கள் மோதியது டிரைவரோடு அல்ல, பேனலோடு. 60 ஹெர்ட்ஸில் ஒரு வரிசையின் புள்ளிகளுக்கெல்லாம் மின்னழுத்தம் ஏற்ற ஏறத்தாழ 15 மைக்ரோ விநாடி கிடைக்கிறது. 75-இல் 11.9. உங்கள் 80-இல் 11.1. ஓய்வையும் பாதியாக்கிவிட்டதால் பேனலின் டைமிங் போர்டு அடுத்த வரிசைக்குத் தயாராகும் முன்பே சரக்கு வந்து விழுகிறது. இதற்கு டிரைவரிடம் கணக்கு எதுவும் கிடையாது. அது கேபிளைத்தான் பார்க்கும். பேனல் தாங்குமா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரே மாடலில் இரண்டு பேனல்கூட ஒரே மாதிரி தாங்காது.

பழைய_பெட்டி (திங்கள், காலை 7.45)

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும் தம்பி, 144 ஹெர்ட்ஸ் பேனல் வாங்கி மாட்டலாமா என்று. சென்னை ரிச்சி தெருவில் பேனல் கிடைக்கும். ஆனால் உங்களுடையது 30 பின் கனெக்டராக இருக்கும், 144 பேனல்கள் பெரும்பாலும் 40 பின். 1080-இல் 144 ஹெர்ட்ஸ் என்றால் 8 ஜிகாபிட் வேண்டும், உங்கள் கேபிளில் 4.32. பேனலோடு கேபிளும் மாறவேண்டும், மதர்போர்டில் அத்தனை லேனுக்கும் தடம் போட்டிருக்கவேண்டும். போடாத போர்டில் கேபிள் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. ஒரு வாடிக்கையாளர் பிடிவாதமாக பேனல் வாங்கிவந்து, கடைசியில் அதை 60-இல் ஓட்டிக்கொண்டு போனார்.

வெளி மானிட்டர் ஆசைக்கும் இதே சட்டம்தான். மூன்றாம் தலைமுறை இன்டெல்லில் எச்டிஎம்ஐ 225 மெகாஹெர்ட்ஸோடு சரி. 2560×1440 மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் 241.5 கேட்கும், வராது. 55 ஹெர்ட்ஸ் வைத்தால் 221, வந்துவிடும். எத்தனையோ பேருக்கு அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வல்லைவெளி (திங்கள், காலை 8.30)

பழைய பெட்டி அண்ணன் 60-ஐ 55 ஆகக் குறைத்தது என்று சொன்னதும்தான் எனக்குப் பட்டது. கேமராக்காரன், உங்களுக்கு ஏன் 80? முதல் பதிவைத் திரும்ப வாசித்தேன். உங்கள் படம் 25 பிரேம். 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. ஆகவே ஒரு பிரேம் 2 தடவை, அடுத்தது 2, அடுத்தது 3, பிறகு 2, பிறகு 3 என்று நொண்டுகிறது. உங்கள் தவில்காரர் விக்குவது அதனால்தான். 80-ஐ 25-ஆல் வகுத்தாலும் 3.2, அங்கேயும் நொண்டிதான். 75 சரியாக 3 தடவை. 50 சரியாக 2 தடவை.

50-க்குக் கிளாக் 115 மெகாஹெர்ட்ஸ்தான். கேபிளும் கேட்காது, டிரைவரும் கேட்காது.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 8.41)

இதை நான் பார்க்கவே இல்லை. 4.32-ஐயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செம்பருத்தி (திங்கள், காலை 9.15)

தொழில் நண்பர் 'கூட்டு' என்றார், எல்லோரும் கூட்டினோம்.

கேமராக்காரன் (செவ்வாய், இரவு 10.10)

தாமதத்துக்கு மன்னிக்கவும், நேற்று முகூர்த்தம்.

50 சேர்த்தேன். டிரைவர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. அதே மண்டபம், அதே திருப்பல்: தவில்காரர் ஒரே சீராக நகர்ந்து மேடைக்குப் போனார். தவில் பட்டையில் சுற்றிய சரிகைகூடத் தெரிந்தது, இதுவரை நான் கவனித்ததே இல்லை. 75-இலும் ஓட்டிப் பார்த்தேன், அதிலும் சீராகத்தான் இருக்கிறது. மற்ற வேலைக்கு 50-இல் மவுஸ் கொஞ்சம் இழுக்கிறது, வெள்ளைப் பக்கத்தில் ஓரக்கண்ணால் பார்த்தால் லேசான துடிப்பும் உண்டு. அதனால் இப்போதைக்கு வீடியோ பார்க்க 50, மற்ற நேரத்தில் 60. 75-ஐப் பட்டியலில் வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் மணிக்கணக்கில் ரெண்டர் ஓடும்போது தொடப்போவதில்லை.

இன்னொன்று, நண்பர் தொலைபேசியில் கேட்டார், '80 வந்ததா?' என்று. வந்தது, அனுப்பிவிட்டேன் என்றேன்.

நீலத்திரை (செவ்வாய், இரவு 10.32)

அண்ணா, 1366×768-இலும் 50 வருமா? என்னுடைய பேனல் 2,62,144 நிறம், 1 லேன்.

கணக்குப்பிள்ளை (செவ்வாய், இரவு 10.40)

லேன் 2.7 ஜிகாபிட்டா? ஆம் என்றால் 2.16 உங்கள் கையில், புள்ளிக்கு 18 பிட், 120 மெகாஹெர்ட்ஸ். 50-க்கு அதில் ஏறத்தாழ பாதிதான் வேண்டும். சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள். சேர்ப்பதற்கு முன் எஃப்8 எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், சில லேப்டாப்பில் எஃப்என் சேர்த்து அழுத்தவேண்டி இருக்கும்.